கோப்பில் எழுதப்படாத காரணம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் பதில் ஒன்றில், ஓர் அரசு தன் நம்பிக்கைக்குரியவரை உயர் பதவியில் அமர்த்துவது தவறாகாது என்றும், மற்றவர்களை விட்டுவிட்டு அவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதைக் கோப்பில் எழுதிவைக்க முடியாத நிலையில் அமர்த்துவதுதான் தவறு என்றும் எழுதியிருந்தேன். அந்த வரிகளுக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. எழுதியவர்களில் பலர் அரசுப் பணியில் இருப்பவர்கள் அல்லது அவர்களுடைய குடும்பத்தினர் என்பதால், பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் வெளியிடுகிறோம்.

கேள்வி: நான்கு ஆண்டுகளாகக் குரூப் 1 தேர்வுக்குப் படித்து வருகிறேன். “மேலே போகிறவனெல்லாம் ஆளுங்கட்சிக்கு வேண்டியவன், நீ படித்து என்ன ஆகப் போகிறது?” என்று என் மாமா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— இளைஞர், குடியாத்தம்

பதில்: உங்கள் மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் படிப்பின் மீது உங்களுக்கு ஐயம் வராது. அரசுப் பணியில் நுழைகிற வாசலும், நுழைந்தபின் ஏறுகிற படிகளும் வேறு வேறு விதிகளால் ஆளப்படுகின்றன. வாசலைக் காப்பதில் நம் மாநிலத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1929இல் சென்னைச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி அமைந்த சென்னைப் பணியாளர் ஆணையம்தான் இந்திய மாகாணங்களில் ஏற்பட்ட முதல் தேர்வாணையம். அதன் வழிவந்ததே 1970இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் என்று பெயர் பெற்றது. எழுத்துத் தேர்வின் விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு உங்கள் தந்தையின் பெயரும் தெரியாது, அவர் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்பதும் தெரியாது. குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளை துணை ஆட்சியராக வரலாம் என்று இன்றும் நம்புவதற்கு அந்த விடைத்தாள்தான் அடிப்படை.

சிபாரிசு தன் கைவரிசையைக் காட்டுகிற இடங்கள் அதற்குப் பின்னால் வருகின்றன: யாருக்கு எந்த மாவட்டத்தில் எந்த நாற்காலி, யாருக்குப் பதவி எதுவும் தராமல் உட்காரவைக்கும் கட்டாயக் காத்திருப்பு, யாருக்கு ஓய்வு வயதைத் தாண்டியும் பணி நீட்டிப்பு, ஓய்வு பெற்றபின் யாருக்கு வாரியத் தலைவர் பதவி என்பவை அவை. இந்த முடிவுகளுக்கு விடைத்தாள் கிடையாது.

இன்னும் கவலை தருவது, வாசலைக் காக்கிறவர்களையே வேண்டியவர்களாக நியமித்துவிட முடியும் என்பது. 2016 ஜனவரி 31 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு 11 உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுடைய தகுதியையும் நேர்மையையும் ஆராய்ந்து பார்த்ததற்கான முறையான நடவடிக்கை இல்லை என்று கண்ட சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அந்த நியமனங்களை ரத்து செய்தது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்திலும் அரசுக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. பஞ்சாப் மாநிலத் தேர்வாணையத் தலைவர் வழக்கில் 2013ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது: அரசியல் சாசனம் இப்பதவிக்கென்று கல்வித் தகுதி எதையும் விதிக்கவில்லை என்பதால் யாரை வேண்டுமானாலும் அமர்த்தலாம் என்று பொருளாகாது. எனவே உங்கள் மாமாவிடம் தேர்வை எழுதப் போவதாகவே சொல்லுங்கள். தேர்வாணையத்துக்கு யார் நியமிக்கப்படுகிறார்கள் என்பதைக் கவனிப்பதும் உங்கள் படிப்பின் ஒரு பகுதிதான்.

கேள்வி: முப்பத்தைந்து ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்தவன் நான். மக்கள் தேர்ந்தெடுத்த அரசு, தன் திட்டங்களை மனமொப்பி நிறைவேற்றக்கூடிய அலுவலரை வைத்துக்கொள்ளக் கூடாதா? தேர்வு எழுதி வந்தவர்களே எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள் என்றால் தேர்தல் எதற்கு?
— ஓய்வுபெற்ற அலுவலர், சத்துவாச்சாரி

பதில்: வந்த கடிதங்களில் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையது. உங்களைப் போல நானும் அதே துறையில் வளர்ந்தவன் என்பதால், அலுவலர்கள் மட்டுமே ஆள வேண்டும் என்று ஒருநாளும் நான் எண்ணியதில்லை. கல்லூரி முடித்த கையோடு எழுதிய ஒரு தேர்வு, ஒரு மனிதருக்கு வாழ்நாள் முழுவதும் மக்களின் விருப்பத்தை மறுக்கும் உரிமையைக் கொடுத்துவிடாது.

இந்தக் கேள்வி நம் மாநிலத்திலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. 1969 நவம்பரில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராகப் பொறுப்பேற்ற இ.பி. ராயப்பா, 1971இல் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவராகவும், 1972இல் தனி அலுவலராகவும் மாற்றப்பட்டபோது, தம்மை ஒதுக்குவதற்காகவே இப்பதவிகள் உண்டாக்கப்பட்டன என்று வழக்குத் தொடுத்தார். தலைமைச் செயலாளர் பதவி முதலமைச்சரின் முழு நம்பிக்கையைச் சார்ந்தது, இருவருக்கும் இடையே இணக்கம் இல்லாமல் நிர்வாகம் நடக்காது என்று கூறி, 1973 நவம்பரில் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. உங்கள் வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது. ஆனால் அதே தீர்ப்பில்தான், சமத்துவமும் தான்தோன்றித்தனமும் பரம எதிரிகள் என்ற கருத்தும் பதிவாகி, இன்றுவரை அரசின் மனம்போன முடிவுகளை எதிர்த்து வழக்காடும் ஒவ்வொருவருக்கும் கைக்கொடுத்து வருகிறது. ராயப்பா தோற்றார், அவர் வழக்கில் பிறந்த கோட்பாடு தோற்கவில்லை.

நம்பிக்கை என்ற சொல்லைத்தான் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். முடிவெடுத்த பிறகு இவர் அதை உண்மையாக நிறைவேற்றுவார் என்ற நம்பிக்கை ஒன்று. முடிவெடுப்பதற்கு முன்பே இவர் எதிர்த்து ஒரு வரியும் எழுதமாட்டார் என்ற நம்பிக்கை வேறொன்று. முதலாவதை எதிர்பார்க்க எந்த அரசுக்கும் உரிமை உண்டு. இரண்டாவதை எதிர்பார்க்கிற அமைச்சர் தமக்கே கேடு செய்துகொள்கிறார். 1949 அக்டோபர் 10 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய வல்லபாய் பட்டேல், தம்முடைய செயலாளர் தம் கருத்துக்கு எதிராகவே குறிப்பு எழுதலாம், அந்தச் சுதந்திரத்தைத் தம் செயலாளர்கள் எல்லாருக்கும் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அமைச்சரின் மனம் கோணுமே என்று அஞ்சி நேர்மையான கருத்தைச் சொல்லாதவர் விலகிப் போகலாம், வேறு ஒருவரை அமர்த்திக்கொள்கிறேன் என்று அவர்களிடமே கூறியிருப்பதாகவும் சொன்னார். பட்டேலைவிட உறுதியான அமைச்சர் யார்? தம் முடிவில் தெளிவாக இருந்ததால்தான் எதிர்க்குறிப்பைப் பார்த்து அவர் கலங்கவில்லை.

நம் அலுவலகங்களில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். ஆட்சேபம் தெரிவித்து ஒரு குறிப்பு மேலே போனால், கோப்பின் ஓரத்தில் “பேசவும்” என்ற ஒரே சொல் எழுதப்பட்டுத் திரும்பி வரும். நேரில் போய்ப் பேசுவோம். பேசியது எந்தத் தாளிலும் இருக்காது. திரும்பி வந்து வேறு குறிப்பு எழுதுவோம். “பேசவும்” என்று எழுதப்பட்ட பிறகும் தன் பழைய குறிப்பையே மறுபடி வைக்கக்கூடிய ஒருவரை உயர் பதவியில் அமர்த்துவதற்கு எத்தனை அரசுகளுக்கு மனம் வந்திருக்கிறது என்பதே என் கேள்வி.

கேள்வி: பாலாற்றங்கரையில் மூன்று ஏக்கர் தென்னை வைத்திருந்தோம். கிணற்று நீர் உப்பாகி, எல்லாம் பட்டுப்போயிற்று. சென்னையில் எந்த வாரியத்தில் யார் தலைவராக உட்கார்ந்தால் எங்களுக்கு என்ன?
— விவசாயி, ஆம்பூர் அருகில்

பதில்: ஐயா, நீங்கள் இழந்தது தோப்பு, உங்கள் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்பது இந்த மாநிலத்தில் வேறு யாரையும்விட உங்களைத்தான் பாதிக்கிறது என்று நான் நம்புகிறேன், ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடித்தளமாயிற்று: மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கு வருமுன் தடுக்க வேண்டும் என்னும் இரண்டு கொள்கைகளும் நம் ஆற்றின் பெயரால்தான் இந்நாட்டுச் சட்டத்தில் வேரூன்றின. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும்படி அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பத்து ஆண்டுகளாகக் கேட்டும் ஆலைகள் அசையவில்லை என்பதும் அதில் இருக்கிறது.

இந்தக் கடைசிச் செய்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். கேட்டுக்கொண்டே இருப்பதற்காகவா ஒரு வாரியம்? 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வாரியத்துக்குக் கெஞ்சும் வேலையைக் கொடுக்கவில்லை. ஆலை இயங்குவதற்கான இசைவை மறுக்கவும், மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லவும், ஆலையை மூடச் சொல்லவும் இன்று அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரத்தை யார் கையில் கொடுக்கலாம் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது: தலைவராக வருபவர் சுற்றுச்சூழல் பாதுகாப்பில் தனியறிவோ நேரடி அனுபவமோ பெற்றவராகவோ, அத்துறை நிறுவனங்களை நிர்வகித்த அனுபவம் உடையவராகவோ இருக்க வேண்டும். சட்டத்தின் சொற்கள் தெளிவானவை. நாடு முழுவதும் அவற்றுக்கு நேர்ந்த கதிதான் வேதனையானது. பல மாநிலங்களில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் அரசியல்வாதிகளுக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கும் இளைப்பாறும் இடங்களாயின. 2016 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதைக் கடுமையாகக் கண்டித்து, நியமனங்களை மறுபரிசீலனை செய்யும்படி மாநிலங்களுக்கு ஆணையிட்டது. தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. ஆனால் நீக்கியதோடு நிற்காமல், குறை உண்மையானது என்று ஏற்று, தலைவர் மற்றும் உறுப்பினர்களின் தகுதி குறித்து ஆறு மாதத்துக்குள் விதிகளை வகுக்கும்படி எல்லா மாநிலங்களையும் பணித்தது.

உங்கள் கிணற்றுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சொல்கிறேன். ஓர் ஆலைக்கு இசைவைப் புதுப்பிக்கலாமா கூடாதா என்ற கோப்பு மாவட்டப் பொறியாளரிடமிருந்து கிளம்புகிறது. கழிவுநீரில் குரோமியமும் உப்பும் அளவுக்கு மேல் இருக்கின்றன என்று அந்த இளம் பொறியாளர் ஆய்வக அறிக்கையோடு எழுதினால், மேலே இருப்பவருக்கு அந்த எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். தெரியாதவர் தமக்குப் பதவி கொடுத்தவரின் தொலைபேசிக்காகக் காத்திருப்பார். எண்களைப் படிக்கத் தெரிந்தும் பதவிக்கு நன்றிக்கடன் பட்டவரோ, படிக்காததுபோல் இருந்துவிடுவார். இரண்டு முறை தன் அறிக்கை கிடப்பில் போடப்பட்டதைப் பார்த்த பொறியாளர் மூன்றாவது முறை அறிக்கையை மென்மையாக எழுதுவார். நான்காவது முறை மாதிரி எடுக்கப் போவதையே தள்ளிப்போடுவார். உச்சியில் அமர்த்தப்பட்ட ஒரே ஒரு வேண்டப்பட்டவரால் அடிவரை உள்ள நேர்மை இப்படித்தான் வற்றுகிறது.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேறு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். எந்த ஒரு நியமனத்தையும் அந்தச் சாவுகளுக்குக் காரணமாக நான் காட்டவில்லை. ஆனால் ஆய்வு செய்ய வேண்டியவர் ஆய்வு செய்வதும், ஆட்சேபம் எழுதுவதும், எழுதியதை மேலே ஒருவர் படித்து நடவடிக்கை எடுப்பதும் எவ்வளவு அவசியம் என்பதை அந்த இரவுக்குப் பிறகு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று வழக்கில் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் ஆணையிட்டிருக்கிறது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள். சட்டப்படி இந்த வேலையைச் செய்ய வேண்டிய அமைப்புகள் இருக்கும்போதே நீதிமன்றம் வெளியிலிருந்து ஆள் தேட வேண்டி வந்ததை எண்ணிப் பாருங்கள். இழப்பீட்டுக்கான உங்கள் மனுவைத் திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: “தகுதி, தகுதி” என்று பேசுகிறவர்கள் கடைசியில் இடஒதுக்கீட்டைத்தான் தாக்குகிறார்கள். நீங்களும் அந்தப் பக்கம்தான் போகிறீர்களா?
— கல்லூரி மாணவி, ஆற்காடு

பதில்: இல்லை அம்மா. இந்த ஐயத்தை நீங்கள் வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. கேட்காமல் மனத்தில் வைத்திருக்கும் வாசகர்கள் பலர் இருப்பார்கள்.

1921இல் வெளியான முதல் வகுப்புவாரி உரிமை ஆணை, அரசுப் பதவிகள் ஒரு சமூகத்தின் உறவுக்காரர்களுக்குள்ளேயே சுற்றிவந்த நிலையை உடைப்பதற்காக வந்தது. அன்று “தகுதி” என்று சொல்லப்பட்டதில் பெரும் பகுதி, அலுவலகத்துக்குள் ஏற்கெனவே ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்ததுதான். இடஒதுக்கீடு அச்சிட்ட விதி. எத்தனை இடம், எந்தச் சுழற்சியில், யாருக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். தவறினால் நீதிமன்றம் போகலாம். சிபாரிசுக்கு விதி கிடையாது. அது சட்டமன்ற உறுப்பினரின் லெட்டர்பேடிலும் தொலைபேசியிலும் வாழ்கிறது. ஒதுக்கீட்டில் தேர்வாகி வந்த ஒரு பெண், பேனல் எனப்படும் பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயர் முதலாவதாக இருந்தும், ஆளுங்கட்சிப் பிரமுகரின் உறவினருக்காக ஓரங்கட்டப்பட்டால், அவளிடமிருந்து பறிக்கப்படுவது தகுதியும் சமூக நீதியும் சேர்ந்த ஒன்று. உயர் பதவிகளில் வேண்டியவர்களையே அமர்த்தும் வழக்கத்தால் முதலில் அடிபடுகிறவர்கள், தொலைபேசியில் பேச ஆள் இல்லாத முதல் தலைமுறை அலுவலர்கள்தாம் என்பதை என் பணிக்காலம் முழுவதும் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கேள்வி: பேசாமல் சீனியாரிட்டி ஒன்றையே அளவுகோலாக வைத்துவிட்டால் சிபாரிசுக்கு வழியே இருக்காதே?
— ஆசிரியர், பேரணாம்பட்டு

பதில்: சிபாரிசு குறையும், கூடவே உழைப்பும் குறையும். முப்பது ஆண்டுகள் எதிலும் கையெழுத்திடாமல் தப்பித்தவரும் முப்பது ஆண்டுகள் பொறுப்பேற்றுச் செய்தவரும் ஒரே வரிசையில் நின்றால், தப்பிப்பதே புத்திசாலித்தனமாகிவிடும். மூத்தவர்களில் சிலரைப் பட்டியலிட்டு, அவர்களுக்குள் காரணம் எழுதித் தேர்ந்தெடுப்பதே சரி.

கேள்வி: காவல் துறைத் தலைமை இயக்குநர் நியமனத்துக்கு உச்ச நீதிமன்றம் முறை வகுத்திருக்கிறதே, அது நடக்கிறதா?
— வழக்கறிஞர், அரக்கோணம்

பதில்: பேரணாம்பட்டு ஆசிரியருக்கு நான் சொன்ன முறைதான் அது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று நீதிமன்றம் வகுத்தபடி, தகுதியும் மூப்பும் உள்ள மூவரை மத்தியத் தேர்வாணையம் பட்டியலிட, மாநில அரசு அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் உண்டு. தேர்ந்தெடுக்கும் உரிமை அரசிடம் இருக்கிறது, யாரிலிருந்து தேர்ந்தெடுப்பது என்பது அரசின் கையில் இல்லை. இந்த ஏற்பாட்டில் உள்ள நியாயம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

அதைச் சுற்றிப் போவதற்கு மாநிலங்கள் கண்டுபிடித்த வழியின் பெயர் “பொறுப்பு”. நிரந்தரமாக நியமித்தால்தானே பட்டியல் வேண்டும் என்று, பொறுப்பு அலுவலரைக் கொண்டே காலம் தள்ளுவார்கள். இனி அப்படிச் செய்யக் கூடாது, பதவி காலியாவதற்கு மூன்று மாதம் முன்பே பெயர்களை அனுப்ப வேண்டும் என்று 2018 ஜூலையில் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. அதன் பிறகும், 2025 ஆகஸ்ட் இறுதியில் நம் மாநிலத்தில் அப்பதவி காலியானபோது பொறுப்பு அலுவலரே அமர்த்தப்பட்டார். அவருடைய திறமையை நான் குறை சொல்லவில்லை. எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், பொறுப்பு என்ற ஒட்டுச் சொல்லோடு அமர்ந்திருப்பவரை ஒரே கையெழுத்தில் எழுப்பிவிடலாம் என்பது அவருக்கும் தெரியும், அவரை அமர்த்தியவர்களுக்கும் தெரியும். 2016இல் தேர்வாணையத்தில் நடந்தது ஒரு கட்சியின் ஆட்சியில். இது மற்றொரு கட்சியின் ஆட்சியில்.

கேள்வி: தனியார் துறை வல்லுநர்களை நேரடியாக இணைச் செயலாளர்களாக எடுப்பது இந்த நோய்க்கு மருந்தாகாதா?
— பொறியாளர், செய்யாறு

பதில்: ஆகலாம், நோயாகவும் ஆகலாம். 2024 ஆகஸ்டில் மத்திய அரசில் இவ்வாறு 45 பதவிகளுக்கு விளம்பரம் வந்து, இடஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பால் மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டது. வெளியிலிருந்து அறிவு வருவதை நான் வரவேற்கிறேன். எந்த நிறுவனத்திலிருந்து வந்தாரோ அதே நிறுவனத்துக்குத் திரும்பிப் போகக்கூடியவர் அந்தத் துறைக்கே விதி எழுதுவதை வரவேற்க முடியவில்லை.

கேள்வி: தேர்வு வைத்து ஆளெடுக்கும் முறை வெள்ளைக்காரர்கள் தந்தது என்கிறார்களே, நம் முன்னோர்களிடம் வேண்டியவர்களைத் தடுக்கும் ஏற்பாடு ஏதாவது இருந்ததா?
— தமிழாசிரியை, சோளிங்கர்

பதில்: வெள்ளைக்காரர்களுக்கும் அது தாமதமாகவே வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தங்கள் உறவினர்களையும் நண்பர்களின் பிள்ளைகளையுமே இங்கே அனுப்பிவந்தார்கள். இந்தியப் பணிக்குப் பொதுப் போட்டித் தேர்வு 1855இல்தான் தொடங்கியது. இங்கிலாந்தின் அலுவலகங்களில் செல்வாக்கால் நுழைந்தவர்களைக் கண்டித்து, தேர்வு முறையைப் பரிந்துரைத்த 1854ஆம் ஆண்டு அறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவரான சார்லஸ் டிரெவெல்யன், 1859இல் சென்னை ஆளுநராக வந்தார் என்பதும், கல்கத்தா அரசின் புதிய வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக அடுத்த ஆண்டே திருப்பியழைக்கப்பட்டார் என்பதும் பலருக்குத் தெரியாத செய்திகள்.

நம்முடையதைக் கேட்டீர்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஏறத்தாழ 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நான் வியப்பது யார் யார் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்ற பகுதியைத்தான். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவரோடு அவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்களும், அத்தை மாமன் மக்களும், இன்னும் பல நெருங்கிய உறவினரும் கூடாது. உறவு முறைகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். வேண்டியவர் என்ற கதவு எந்த உறவின் வழியாகவெல்லாம் திறக்கும் என்பதை அந்தச் சபையார் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். அதே கல்வெட்டு, நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய பிராமணருக்கு மட்டுமே இடம் தந்து ஊரின் பெரும்பான்மையோரை வெளியே நிறுத்தியது என்பதையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கணக்குக் காட்டாதவரின் உறவினருக்குப் பதவி இல்லை என்ற விதியை மட்டுமாவது இன்றைய வாரியங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: என் தந்தை அரசு அலுவலர். ஒரு கோப்பில் தம் மனச்சாட்சிப்படி ஆட்சேபக் குறிப்பு எழுதியதற்காக ஐந்து ஆண்டுகளில் ஆறு முறை மாற்றப்பட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இன்று உயர் பதவிகளில் இருக்கிறார்கள். “எழுதாமல் இருந்திருக்கலாமோ” என்று இப்போது அவரே சொல்கிறார். எனக்குத் தாங்க முடியவில்லை. அவர் செய்தது வீணா?
— மகள், காட்பாடி

பதில்: வீணில்லை அம்மா. நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரையும் ஆட்களையும் தவிர்க்கிறேன். செல்வாக்குள்ள ஒருவர் ஏரிப் புறம்போக்கில் நான்கு ஏக்கருக்குப் பட்டா கேட்டார். பரிந்துரைக்கும்படி எங்கள் வட்டாட்சியருக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. எழுத்தில் தாருங்கள் என்று அவர் கேட்டார், எழுத்தில் வரவில்லை. அவர் அ-பதிவேடு, அடங்கல், புலப்படம் ஆகிய நில ஆவணங்களை வரவழைத்து, சர்வே எண் வாரியாக ஒன்றரைப் பக்கம் எழுதி, “எனவே பரிந்துரைக்க இயலவில்லை” என்று முடித்தார். மூன்று வாரத்தில் வேலையே இல்லாத ஓர் இடத்துக்கு மாற்றப்பட்டார். அவர் இடத்துக்கு வேண்டியவர் ஒருவர் கொண்டுவரப்பட்டார்.

வந்தவரால் அந்தப் பட்டாவைக் கொடுக்க முடியவில்லை. கோப்பு அவர் மேசைக்கு வரும்போதெல்லாம் அந்த ஒன்றரைப் பக்கம் முதலில் எதிர்ப்பட்டது. பட்டா கொடுக்க வேண்டுமானால் அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் அவர் தம் கையெழுத்தில் மறுப்பு எழுத வேண்டும். எழுதினால் அது என்றாவது ஒருநாள் தணிக்கையிலோ நீதிமன்றத்திலோ படிக்கப்படும். அவர் எழுதவில்லை. அவருக்குப் பின் வந்த இருவரும் எழுதவில்லை. நான் அந்த அலுவலகத்தை விட்டுப் போகும்வரை கோப்பு நிலுவையிலேயே இருந்தது, ஏரியும் ஏரியாகவே இருந்தது. மாற்றப்பட்ட அந்த வட்டாட்சியருக்கு இது தெரிவிக்கப்பட்டதா என்றால், இல்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு திருமண வீட்டில் பார்த்து நான்தான் சொன்னேன். சிறிது நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, “சர்வே எண்ணையெல்லாம் சரியாக எழுதியிருந்தேனா?” என்று மட்டும் கேட்டார்.

உங்கள் தந்தைக்கு நேர்ந்த மாறுதல்களை நான் நியாயப்படுத்தவில்லை. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்ட ஓய்வுபெற்ற அதிகாரிகள் தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், மாறுதல்களைப் பரிந்துரைக்கக் குடிமைப் பணிகள் வாரியம் வேண்டும், வாய்மொழி உத்தரவுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல ஆளைத் தேர்ந்தெடுப்பதைவிட, தேர்ந்தெடுத்தவரைக் குறிப்பிட்ட காலம் அசைக்காமல் இருப்பது முக்கியம் என்று வரவர எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பாதுகாப்பு உங்கள் தந்தைக்குக் கிடைக்கவில்லை.

நீங்கள் ஒன்று செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கோப்புகளில் எழுதப்படும் குறிப்புகளையும் கேட்டுப் பெறலாம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் தந்தையின் குறிப்பும் அதற்குப் பின் அந்தக் கோப்பில் எழுதப்பட்ட அனைத்துக் குறிப்புகளும் நகலாக வேண்டும் என்று எழுதுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். நகல் வந்ததும், அவருடைய குறிப்புக்கு எவராவது எழுத்தில் பதில் சொல்லியிருக்கிறார்களா என்று அவர் பக்கத்தில் அமர்ந்து படித்துக் காட்டுங்கள். விண்ணப்பத்தை அவர் பெயரில் வேண்டாம், உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள்.